கௌபாய் படங்களில் உங்கள் கண்ணை உறுத்திய வரலாற்றுப் பிழை எது?

முதலில் உறுத்தியது துப்பாக்கி. ஒருமுறை அது கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் நிம்மதியாகப் படம் பார்க்க முடியாது.

ஜான் வேய்ன் நடித்து 1961-ல் வந்த 'தி கோமன்செரோஸ்' படத்தின் கதை 1843-ல் நடக்கிறது. டெக்சாஸ் அப்போது அமெரிக்காவோடு சேரக்கூட இல்லை, தனிக் குடியரசு. ஆனால் ஆட்களின் இடுப்பில் இருப்பது 1873 மாடல் கோல்ட் ரிவால்வர், கையில் இருப்பது 1892 மாடல் வின்செஸ்டர். கதை நடக்கிற வருடம் பிறந்த பிள்ளைக்கு 49 வயதாகும்போதுதான் அந்த ரைஃபிள் கடைக்கே வரும்!

காரணம் தெரிந்த பிறகு எனக்குக் கோபம் போய்விட்டது. 1843-ல் ரிவால்வர் என்றால் ஒவ்வொரு குண்டு அறையிலும் வெடிமருந்து கொட்டி, குண்டை இடித்து இறக்கி, பின்னால் பொறி கிளப்பும் கேப் செருக வேண்டும். ஒவ்வொரு டேக்குக்கும் இதைச் செய்துகொண்டிருந்தால் பொழுது சாய்ந்துவிடும். அந்த கோல்ட், வின்செஸ்டர் இரண்டுக்கும் பொதுவாக 'ஃபைவ் இன் ஒன்' என்று ஒரு பிளாங்க் தோட்டா, அதாவது குண்டில்லாமல் வெடிக்க மட்டும் செய்வது, ஹாலிவுட்டில் இருந்தது. ஒரே பெட்டித் தோட்டா, இரண்டு துப்பாக்கிக்கும் ஆகும். கதை எந்த வருடமாக இருந்தால் என்ன, ஸ்டூடியோ கிடங்கிலிருந்து அதே ஜோடிதான் வெளியே வரும்.

ஆறு குண்டுத் துப்பாக்கி எட்டாவது தடவை சுடுவது, இந்த ஷாட்டில் இடப்பக்கம் விழுந்த நிழல் அடுத்த ஷாட்டில் வலப்பக்கம் தாவுவது எல்லாம் ஷாட்டுக்கு ஷாட் பொருந்துகிறதா என்று கண்டினியூட்டி பார்க்கிறவர்களின் தலைவலி. எனக்கு அது பொழுதுபோக்கு.

என்னால் விழுங்க முடியாதது வேறு. ஜான் ஃபோர்டு 1946-ல் எடுத்த 'மை டார்லிங் கிளமன்டைன்'. படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், மூன்று முறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

டூம்ஸ்டோன் ஊரில் வயட் ஏர்ப்பும் அவர் சகோதரர்களும் நண்பர் டாக் ஹாலிடேயும் கிளான்டன் கும்பலோடு மோதிய ஓ.கே. காரல் சண்டைதான் கதை. நிஜத்தில் அது நடந்தது 1881 அக்டோபர் 26. சுமார் 30 நொடியில், 30 தோட்டாவில் முடிந்துவிட்டது. நடந்ததும் ஓ.கே. காரல் என்ற அந்தக் குதிரைத் தொழுவத்துக்குள் இல்லை. கொஞ்சம் தள்ளி, ஒரு போட்டோ ஸ்டூடியோவை ஒட்டிய காலி மனையில். படத்தில் வருடம் 1882 ஆகிவிட்டது. ஊருக்குப் பின்னால் மான்யுமென்ட் வேலியின் செம்பாறைகள் நிற்கின்றன. டூம்ஸ்டோன் அரிசோனாவின் தென்கோடி, அந்தப் பாறைகள் வடகோடி. சரி, அழகாக இருக்கிறது, விட்டுவிடலாம்.

ஆனால் செத்தவர்கள் கணக்கு? பல் மருத்துவரான டாக் ஹாலிடேயை அறுவை மருத்துவராக்கி, சண்டையில் சாகடிக்கிறார்கள். அவர் அதற்கப்புறம் ஆறு வருடம் இருந்து, 1887-ல் கொலராடோவில் காசநோயால் போனார். வில்லன் கிழவர் கிளான்டன் கடைசிவரை மிரட்டுகிறார். நிஜத்தில் சண்டைக்கு இரண்டு மாதம் முன்பே, ஆகஸ்டில், மனுஷன் சுட்டுக் கொல்லப்பட்டாயிற்று. வயட்டின் அண்ணன் வெர்ஜில் ஏர்ப் படத்தில் சண்டைக்கு முன்பே சாகிறார். உண்மையில் அன்றைக்கு ஊர் மார்ஷலே, அதாவது காவல் தலைவரே, அவர்தான், வயட் அவருக்குத் துணையாகப் போனவர்! வெர்ஜில் 1905 வரை இருந்தார்.

இதையெல்லாம்விட மோசம் வயட்டின் இன்னொரு சகோதரர் ஜேம்ஸ் ஏர்ப் விஷயம். படத்தில் அவன் 18 வயதுக் கடைக்குட்டி. அவன் கொலைக்குப் பழிவாங்கத்தான் வயட் மார்ஷல் பேட்ஜையே குத்திக்கொள்கிறார். அசல் ஜேம்ஸ் வயட்டைவிட ஏழு வயது மூத்தவர், 1926 வரை வாழ்ந்தவர்.

வயட் ஏர்ப் கடைசிக் காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்தார், சினிமாக்காரர்களோடு பழகினார், 1929-ல் இறந்தார். சண்டை எப்படி நடந்தது என்று அவரே தன்னிடம் சொன்னதாகவும், அப்படியே எடுத்ததாகவும் ஃபோர்டு சொல்லிக்கொண்டிருந்தார். சொந்த அண்ணனைத் தம்பியாக்கிக் கொன்றுவிட்டா வயட் கதை சொல்லியிருப்பார்?