யார் மேல் வழக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

தம்பி, டெக்சஸில் மாநிலக் காவலர் ஒருவர் உங்களை நடுச்சாலையில் நிறுத்தி, காரணம் சொல்லாமல் காரைச் சோதனையிட்டு, கைவிலங்கோடு உட்கார வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். வேலை விசாவில் இருப்பவர் வக்கீல் இல்லாமல் ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா என்றும் கேட்கிறீர்கள்.

தாராளமாகப் போடலாம். அதற்குக் குடியுரிமை தேவையில்லை. கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் அட்டூழியங்களை அடக்க 1871இல் வந்த சட்டம்தான் இன்று செக்‌ஷன் 1983 என்ற பெயரில், மாநில அதிகாரி உங்கள் அரசியலமைப்பு உரிமையை மீறினால் அவர் மேல் வழக்குப் போட வழிவிட்டு, உங்களுக்குக் கைகொடுக்கிறது.

கோபத்தில் ஆளுநர் தொடங்கி எல்லாரையும் பிரதிவாதியாக்கிவிடாதீர்கள். மாநிலத்தின் மீதோ அதன் துறையின் மீதோ இச்சட்டப்படி நஷ்டஈடு கேட்க முடியாது. 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பணம் கேட்பதானால் அந்தக் காவலரைத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாளியாக்க வேண்டும். மனுவில் அதை வெளிப்படையாக எழுதுங்கள். மேலதிகாரி என்பதற்காக மட்டும் ஒருவர் மாட்டமாட்டார். அவர் என்ன செய்தார் என்று காட்ட வேண்டும். காவலருக்கும் ஒரு கவசம் உண்டு. ஏற்கெனவே தெளிவாக நிலைநாட்டப்பட்ட உரிமையை அவர் மீறினார் என்பதற்கு முன்தீர்ப்பு காட்டாவிட்டால், தப்பு செய்திருந்தாலும் தப்பித்துவிடுவார். எனக்கு இதில் உடன்பாடில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே எழுதுவதற்கு முன் உங்கள் வட்டாரத்து ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புகளைத் தேடிப் படியுங்கள்.

மனுப் படிவம் ஃபெடரல் நீதிமன்றங்களின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கட்டணம் 405 டாலர். வசதியில்லை என்றால் விலக்குக் கேட்கலாம். டெக்சஸில் காலக்கெடு 2 ஆண்டுகள். பதிவு செய்த 90 நாட்களுக்குள் பிரதிவாதிக்குச் சம்மன் சேர வேண்டும். அதை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. வழக்கில் சம்பந்தப்படாத, 18 வயது நிரம்பிய ஒருவர் கொடுக்கலாம். நீதிமன்ற எழுத்தர் படிவம் தருவார், ஆலோசனை தரமாட்டார். மனு பொது ஆவணம் என்பதால் உங்கள் முகவரியை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அன்றைய சம்பவத்துக்காக உங்கள் மேல் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால், அதற்கான வக்கீலைக் கேட்காமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

இன்னொன்று. இவ்வகை வழக்கில் வென்றால், வக்கீல் கட்டணத்தையும் எதிர்த்தரப்பு தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். அதனால் முன்பணம் வாங்காமல் எடுத்துக்கொள்ளும் சிவில் உரிமை வக்கீல்களும் இருக்கிறார்கள். தானே வாதாடுபவருக்கு அந்தக் கட்டணம் கிடைக்காது. தனியாக இறங்குவதற்கு முன் அப்படிப்பட்ட இரண்டு மூன்று பேரிடம் கேட்டுப் பாருங்கள்.