ஆள் வேறு, சாட் வேறு: டெலிகிராம் பாட் கேள்வி பதில்

கம்பம், போடி, குமுளி, மூணாறு பக்கம் டெலிகிராமில் பாட் (தானாகச் செய்தி வாங்கி அனுப்பும் நிரல்) எழுதுகிறவர்கள் கேட்டவை. பாதிக்கு மேல் ஒரே சிக்கல்தான்: யூசரையும் (ஆள்) சாட்டையும் (தனியோ குழுவோ, உரையாடல்) எப்படிப் பிரித்து வைப்பது.

குமுளி: அண்ணே, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புக்காக ஒரு பாட். 'நாளைக்கு வர்றேன்' பட்டனை அழுத்தினால் பெயர் ஏற வேண்டும். தனியாகச் சோதித்தால் சரியாக வருகிறது. குழுவில் போட்டால் எத்தனை பேர் அழுத்தினாலும் ஒரே ஆள்தான் பதிவாகிறார்.

சாட் ஐடியை ஆளுடைய எண்ணாக எடுத்திருக்கிறீர்கள். தனி உரையாடலில் யூசர் ஐடியும் சாட் ஐடியும் ஒரே எண். அதனால்தான் உங்கள் சோதனையில் தவறு தெரியவில்லை. குழுவுக்குள் வந்ததும் சாட் ஐடி குழுவுடையது, யூசர் ஐடி அழுத்தியவருடையது.

இன்னொன்று. பட்டன் அழுத்தியவரை, கூடவே வரும் மெசேஜுக்குள் தேடாதீர்கள். அந்த மெசேஜை அனுப்பியது உங்கள் பாட், ஆகவே அதன் 'ஃப்ரம்' (அனுப்பியவர்) பாட்டையே காட்டும். பட்டனை அழுத்தியதும் பாட்டுக்கு வரும் தகவலுக்குக் கால்பேக் குவெரி என்று பெயர்; அழுத்தியவர் அதன் 'ஃப்ரம்'மில் இருக்கிறார்.

அட்டவணை மூன்று வேண்டும்: ஆட்கள், சாட்கள், யார் எந்தச் சாட்டில் இருக்கிறார் என்ற உறுப்பினர் பதிவு. 'அட்மின்' என்பதை ஆள் அட்டவணையில் எழுதவே எழுதாதீர்கள். கம்பம்மெட்டு குழுவில் அட்மினாக இருக்கும் டிரைவர், பக்கத்துக் குழுவில் வெறும் உறுப்பினர். அப்புறம் மெசேஜ் ஐடி அந்தச் சாட்டுக்குள் மட்டுமே தனித்தது. சாட் ஐடியோடு சேர்த்தே சேமியுங்கள்.

போடி: பட்டன் டேட்டாவில் ஆங்கிலப் பெயர் வைத்தால் போகிறது, தமிழில் வைத்தால் பிழை வருகிறது.

அங்கே இடம் 64 பைட்தான். கணினி எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'முத்துலட்சுமி' நம் கண்ணுக்கு 7 எழுத்து. கணினிக்கு 13 குறி, 39 பைட். இரண்டு பெயர் வைத்தால் தாண்டிவிடும். பட்டனுக்குள் எண்ணை வையுங்கள், பெயர் உங்கள் அட்டவணையில் இருக்கட்டும்.

கூடலூர்: ஆறு மாதம் ஓடிய பாட். நேற்றிலிருந்து ஒரு குழுவுக்கு மட்டும் செய்தி போகவில்லை.

அந்தக் குழு சூப்பர்குழுவாக (டெலிகிராமின் பெரிய குழு வகை) மாறியிருக்கும். சாதாரணக் குழுவுக்கு வரம்பு 200 பேர். மாறும்போது சாட் ஐடியே புதிதாகிவிடும், -100 என்று தொடங்கும். பழைய எண்ணுக்கு அனுப்பினால் பிழையோடு 'மைக்ரேட் டு சாட் ஐடி' என்று புது எண் வரும். அதை எடுத்து எல்லா அட்டவணையிலும் மாற்றுங்கள். எனக்கு இது நடந்தது விடியற்காலை 4 மணிக்கு. பட்டியல் போகாததால் ஜீப் பாதி காலியாக மலையேறியது, ஆட்களுக்கு அன்றைய கூலி போயிற்று. இந்தச் சாட் ஐடி எண்கள் 32 பிட்டில் அடங்காது. 64 பிட் எண்ணாக வையுங்கள்.

மூணாறு: யூசர்நேமை வைத்து ஆளை அடையாளம் வைக்கலாமா சார்?

கூடாது. பலருக்கு அது இருக்காது, இருப்பவர்களும் மாற்றுவார்கள். யூசர் ஐடி எண்தான்.

கம்பம்: ஃபோன் நம்பரையே ஆளை அடையாளம் காணும் சாவியாக வைத்தால் இந்தத் தலைவலியே இல்லையே?

ஆள் தானாகப் பகிர்ந்தால் ஒழிய பாட்டுக்கு நம்பர் தெரியாது. பகிர்ந்ததும் அவருடையதா என்று யூசர் ஐடியை ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்தவர் நம்பரையும் அனுப்ப முடியும்.

குமுளி: எங்கள் ஜீப்பில் பலரிடம் இரண்டு சிம். ஒன்று கீழே பிடிக்கும், மற்றது மேலே தோட்டத்தில் பிடிக்கும்.

கம்பம்: கூலி நம்பருக்குத்தானே போகிறது? கணக்குப் பார்க்கிற கங்காணிக்கு உங்கள் யூசர் ஐடி எதற்கு?

மூணாறு: எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரே ஃபோன். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள்.

மூணாறுக்காரர் சொன்னது என் முதல் பதிலையே திருத்துகிறது. டெலிகிராம் கணக்கும் ஆள் அல்ல. இரண்டு சிம்மில் இரண்டு கணக்கு வைத்திருப்பவர் ஒரே ஆள். ஒரு ஃபோனுக்குப் பின்னால் இரண்டு பேர் கூலி. ஆகவே ஆளுக்கு உங்கள் சொந்த எண்ணைக் கொடுங்கள். கணக்குகளைத் தனி அட்டவணையில் வைத்து ஆட்களோடு இணையுங்கள், ஒரு கணக்கோடு இரண்டு ஆள் இணைய இடம் விடுங்கள். உறுப்பினர் பதிவு கணக்கோடு சேரும். வருகையும் கூலியும் ஆளோடு சேரும். அந்த ஃபோனிலிருந்து அழுத்தினால் பாட் 'யாருக்கு?' என்று இரண்டு பெயரையும் காட்டட்டும். கம்பத்துக்காரரே, நம்பர் ஆளின் பதிவில் ஒரு விவரமாக இருக்கட்டும், கூலி அனுப்ப உதவும். சாவி மட்டும் ஆகாது.

உத்தமபாளையம்: குழுவில் எல்லோரும் ஒரே ஆளாகப் பதிவாகிறார்கள்...

குமுளிக்குச் சொன்ன முதல் பதில்.

போடி: வாட்ஸ்அப்பில் இதையே எப்படிச் செய்வது?

நான் அதில் வேலை செய்ததில்லை. செய்தவரைக் கேளுங்கள்.

தேவிகுளம்: அட்மின் எழுதினால் அவர் பெயருக்குப் பதில் குழுவின் பெயர் வருகிறது.

அவர் பெயர் மறைத்து எழுதுகிறார். அந்தச் செய்தியில் 'சென்டர் சாட்' (அனுப்பிய சாட்) நிரப்பப்பட்டு வரும், அதைப் பார்த்துத் தள்ளிவிடுங்கள். எழுதியது யார் என்று ஊகித்து வருகையில் ஏற்றாதீர்கள்.

சின்னமனூர்: சாட் ஐடிதானே ஆளுடைய ஐடி?

இல்லை தம்பி. தனி உரையாடலில் மட்டும்தான் ஒன்று. குழுவில் இரண்டு பேரை வைத்துச் சோதித்துவிட்டு வாருங்கள், மற்றதைப் பேசலாம்.