எட்டுப் பேர் சாம்பார், எண்பது பேர் சாம்பார்

வணக்கம் சார்,

பெரம்பூரில் இருக்கிறேன். இரண்டு வருஷமாக வீட்டிலேயே சமைத்து, பிறந்தநாள், வளைகாப்பு போன்ற விசேஷங்களுக்குக் கொடுத்து வருகிறேன். முப்பது பேருக்கு மேல் எடுத்ததில்லை. மாமியார்தான் கூட நிற்கிறார். அடுத்த மாதம் அயனாவரத்தில் ஒரு அறுபதாம் கல்யாணம், 120 பேர், மொட்டை மாடியில் பந்தல். இலைக்கு 180 ரூபாய் சொல்லியிருக்கிறேன். சாமான், ஆட்டோ எல்லாம் போக 8,600 ரூபாய் நிற்கும். இந்த ரேட் சரிதானா? தொழிலைப் பெரிதாக்க நினைக்கிறேன், தமிழ்ப் பெயர் வைக்கலாமா, இங்கிலீஷ் பெயரா? இன்ஸ்டாகிராமில் விளம்பரம் தரலாமா? பந்திச் சாப்பாடு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததால் கேட்கிறேன். சமையல் லிஸ்ட்டை இணைத்திருக்கிறேன்.

ப.

அன்புள்ள ப.,

பெயர் எதுவாக இருந்தால் என்ன, சாப்பிட்டவர்கள் ‘அந்தப் பெரம்பூர் அம்மா’ என்றுதான் சொல்லப்போகிறார்கள். இன்ஸ்டாகிராம் பற்றி என்னைக் கேட்பது வீண். உணவுப் பாதுகாப்புப் பதிவு பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. வீட்டு அடுப்பில் சமைத்து விற்றாலும் 2006 சட்டப்படி பதிவு வேண்டும், 14 இலக்கத்தில் ஒரு எண் தருவார்கள், ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

உங்கள் லிஸ்ட்டுக்கு வருகிறேன். நாலு கிலோ துவரம்பருப்பு, 14 கிலோ அரிசி, அளவெல்லாம் சரி, கை தெரிந்தவர் போட்ட லிஸ்ட். ஆனால் அரிசிக்குப் பக்கத்தில் ‘10 லிட்டர் குக்கரில் ஈடு ஈடாக’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். ஏனம்மா, அந்தக் குக்கரில் ஒரு தடவைக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் போட முடியுமா? அப்படியானால் ஒன்பது, பத்து ஈடு. பிரஷர் இறங்கி, கொட்டி, கழுவி, மறுபடி ஏற்ற ஒரு ஈட்டுக்கு முக்கால் மணி என்று வைத்தாலும் ஏழு மணி நேரம் போய்விடும். பதினொன்றரைப் பந்திக்கு விடியற்காலை நாலு மணிக்கு முதல் விசில் வர வேண்டும். அந்த முதல் ஈட்டுச் சாதம் உச்சி வெயில் வரைக்கும் எங்கே, எதில் இருக்கப்போகிறது?

உங்களைத் திட்டுவதற்கு எனக்கு ஒரு பாத்தியதை உண்டு. என் அத்தை திருவல்லிக்கேணியில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் இருந்துகொண்டு இதே தொழிலைத்தான் செய்தாள். எண்பதுகளின் ஆரம்பம், அத்திம்பேர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எட்டாவது வரை படித்தவள், கணக்கில் புலி. எட்டுப் பேர், பத்துப் பேர் என்று செய்துகொண்டிருந்தவளுக்கு எண்பது பேர் சீமந்தம் ஒன்று வந்தது. “எட்டுப் பேருக்குப் பண்றதைப் பத்தால பெருக்கினா ஆச்சு, இதுக்கு என்ன பெரிய வித்தை?” என்றாள். பருப்பு பத்து மடங்கு, புளி பத்து மடங்கு, உப்பு, தண்ணீர், பெருங்காயம் எல்லாமே பத்து மடங்கு. காலையில் அவசரப்படக் கூடாது என்று முதல் நாள் ராத்திரியே பருப்பை வேகவைத்து, வாடகைக்கு எடுத்த பித்தளை அண்டாவில் கொட்டி, பல்லி விழுந்து தொலைக்கப்போகிறதே என்று தாம்பாளத்தால் மூடி, அது நகராமல் இருக்க மேலே அம்மிக்குழவியையும் தூக்கி வைத்தாள்.

விடியற்காலை நாலரைக்கு அவள் குழவியை இறக்கி மூடியைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன், பதினொரு வயது. பருப்பு இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தது. மேலே வெள்ளையாக நுரை, நடுவில் ஒரு குமிழி மெல்ல எழும்பி உடைந்தது. அத்தை விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அண்டாவைச் சாய்த்து முற்றத்துச் சாக்கடையில் ஊற்றினாள், குடித்தனம் பூராவும் புளித்த வாடை. என்னை ஓடவிட்டு நாடார் கடைக் கதவைத் தட்ட வைத்து வேறு பருப்பு வாங்கி, புதிதாக வேகவைத்து, அதற்கப்புறம் சாம்பார் கூட்டினால் அது தண்ணீராக நிற்கிறது. கெட்டிப்படட்டும் என்று கொதிக்கவிட, கொதிக்கவிட, முருங்கைக்காய் நாராகப் பிரிந்துபோனதே தவிர சாம்பார் சுண்டவில்லை. சீமந்த வீட்டுக்காரர் பெரிய மனிதர், சத்தம் போடாமல் பாதிப் பணத்தைக் கொடுத்து அனுப்பினார். அத்தைக்கு அந்த மரியாதைதான் தாங்கவில்லை.

ஏன் அப்படி ஆயிற்று என்பதைத்தான் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி அறுத்துக்கொண்டிருக்கிறேன், நீங்களும் மாட்டிக்கொண்டீர்கள். ஒரு பாத்திரத்தின் அகலத்தையும் உயரத்தையும் இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். கொள்ளளவு எட்டு மடங்காகும், ஆவி போகிற வாய் நாலு மடங்குதான் ஆகும். சின்னப் பாத்திரத்தில் வற்றுகிற வேகத்தில் அண்டாவில் வற்றாது. அதனால் தண்ணீரைப் பெருக்கல் கணக்கில் ஊற்றக் கூடாது, குறைத்து ஊற்றி, பார்த்துச் சேர்க்க வேண்டும். உப்பும் மிளகாயும் அப்படியே, முக்கால்வாசி போட்டுக் கொதி வந்தபின் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மிச்சம். ஆறுவதற்கும் இதே கணக்கு. வீட்டுக் கிண்ணத்துப் பருப்பு அரை மணியில் ஆறிவிடும், அண்டாப் பருப்பின் நடுவயிறு ராத்திரி முழுக்க இளஞ்சூடாகவே கிடக்கும். பருப்பு, இறைச்சிக் குழம்பு மாதிரியான பதார்த்தங்களில் வருகிற குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்ற கிருமிக்கு அதைவிட நல்ல மெத்தை கிடையாது. அதன் வித்துகள் கொதியிலும் சாகாமல் கிடந்து, சூடு இறங்கும்போது முளைத்துப் பெருகும். சாதத்துக்கென்று இன்னொன்று இருக்கிறது, பேசில்லஸ் சீரியஸ். அது விடுகிற, வாந்தி வரவைக்கும் நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லை சீக்கிரம் ஆறிக் குளிர்ப்பெட்டிக்குள் போக வேண்டும், நடுவில் நிற்பதுதான் ஆபத்து. உங்கள் நாலு மணிச் சாதம் அந்த நடுவில்தான் நிற்கப்போகிறது.

அத்தை என்ன செய்தாள் தெரியுமா? ஒரு கல்யாணச் சமையல்காரரிடம் போய் மூன்று மாதம் காய் நறுக்கினாள். சும்மா நறுக்கவில்லை, பார்த்துக்கொண்டே நறுக்கினாள். அவர் சாதத்தைக் கஞ்சி வடித்து, துணி விரித்த பாயில் கொட்டிப் பரப்பிவிடுவார். குவித்து வைத்தால் அடிச்சாதம் மேல்பாரத்தில் நசுங்கிக் குழையும், பரப்பினால் உதிரி உதிரியாக நிற்கும். எண்பது பேர் சாம்பாரை ஒரே அண்டாவில் வைக்காமல் இரண்டாகப் பிரித்து, இரண்டாவதை முதல் பந்தி உட்கார்ந்தபிறகுதான் கூட்டுவார். கொதிக்கிற எதையும் இறுக மூடமாட்டார், வெள்ளைத் துணிதான் போடுவார். அதற்கப்புறம் அத்தை இருநூறு பேர் வரைக்கும் செய்தாள். அம்மிக்குழவியைப் பார்க்கும்போதெல்லாம் அவளே சிரிப்பாள்.

ஆக, 120 என்பது உங்கள் முப்பதின் நாலு மடங்கு இல்லை. வேறு அடுப்பு, வேறு கை. வீட்டுச் சமையலறையில் 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை வைத்துக்கொண்டு செய்கிற காரியமும் இல்லை, வியாபாரத்துக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது, 19 கிலோ சிலிண்டர்தான். அந்த மொட்டை மாடியிலேயே ஒரு ஓரத்தில் பெரிய அடுப்புப் போட்டு, பெரிய சமையல் பழகிய ஒரு மாஸ்டரை ஒரு நாள் சம்பளத்துக்கு வைத்து, சாதத்தை அங்கேயே வடியுங்கள். ரசப்பொடியும் சாம்பார்பொடியும் உங்களுடையதாக இருக்கட்டும், ருசி உங்களுடையதாகவே இருக்கும். நீங்கள் அவர் பக்கத்தில் நின்று பாருங்கள். கௌரவம் பார்க்காதீர்கள்.

ரேட் கேட்டீர்கள். 120 இலைக்கு 21,600 ரூபாய், அதில் 8,600 மிச்சம் என்கிறீர்கள். உங்கள் மாமியார் மூன்று நாள் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பாரே, அவருக்கு எவ்வளவு? பரிமாற நாலு பேர், பாத்திரம் துலக்க இரண்டு பேர், பாத்திர வாடகை, மாஸ்டர் சம்பளம், இதெல்லாம் எந்த வரியில் இருக்கிறது? ‘கூட நிற்கிறார்’ என்று எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, அவர் கூட நிற்கவில்லையம்மா, பாதி வேலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அவர் கூலியை எழுதிவிட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள், 180 கட்டுமா என்று நீங்களே சொல்வீர்கள்.

அட்வான்ஸ் வாங்கிவிட்டீர்களா என்று எழுதவில்லை. வாங்கவில்லையென்றால் அயனாவரத்துக்கு இன்றைக்குச் சாயங்காலமே போன் பண்ணுங்கள், ரேட்டை மாற்றுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.