40 ஹிட்-அவுட் எடுத்தும் கிளியரன்ஸில் தோற்பது ஏன்?

ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் உங்கள் ரக்மேன் (ஆட்டம் மீண்டும் தொடங்கும்போது பந்துக்காகக் குதிப்பவர்) 40 ஹிட்-அவுட் (குதித்துப் பந்தைத் தட்டிவிடுவது) எடுத்தும் அணி கிளியரன்ஸில் (அந்த நெரிசலிலிருந்து பந்தை வெளியே கொண்டுபோவதில்) தோற்கிறது, அவரை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். ஹிட்-அவுட் பந்தை யார் தட்டினார் என்று மட்டுமே சொல்லும். அது யார் கையில் விழுந்தது என்று சொல்லாது. நேராகத் தன் அணி வீரர் கைக்குப் போனவற்றைத் தனியாக எண்ணி, அவர் பந்துக்காகக் குதித்த மொத்தத் தடவைகளால் வகுங்கள். 80 தடவையில் 10 என்றால் 12.5%. பாதி நேரம் ஆடும் மாற்று ரக்மேன் 40-இல் 8 எடுத்தால் 20%, அவர்தான் மேல்.

நடுவட்டத்தில் குதிப்பதையும் எல்லைக்கோட்டு எறிதலில் குதிப்பதையும் பிரித்தே கணக்கிடுங்கள். வீடியோவில் பந்து விழும் இடத்தைப் பாருங்கள்: ஓடிவரும் ரோவரின் (தட்டிய பந்தை எடுக்கும் நடுக்கள வீரர்) முன்னால் விழுகிறதா, நிற்பவரின் காலடியிலா? முன்னால் விழுந்தும் அவர் தாமதமாக வந்தால் குறை நடுக்களத்தினுடையது.

ரக்மேன் பந்தைத் தட்டாமல் மேலேயே பிடித்து உதைத்தால் அது ஹிட்-அவுட்டில் வராது, கிளியரன்ஸில்தான் வரும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரு அணி ரக்மேன்களைத் தவிர மூன்றாவது ஆள் குதிக்க 2017 முதல் தடை என்பதால், அதற்கு முந்தைய எண்களோடு ஒப்பிட வேண்டாம்.