லினக்ஸ்ல கேம் ஆட எந்த டெஸ்க்டாப்? கேள்வி பதில்

கே: அண்ணா, க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ... இந்த டெஸ்க்டாப் சூழல்கள்ல எதுல எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) அதிகம் வரும்?

ப: ஃபுல்ஸ்கிரீன்ல ஆடினா பெருசா வித்தியாசம் தெரியாது. எஃப்பிஎஸ்ங்கிறது கிராஃபிக்ஸ் கார்டு, அதோட டிரைவர், புரோட்டான் (விண்டோஸ் கேமை லினக்ஸ்ல ஓட்டுற ஸ்டீமோட மென்பொருள்) கையில இருக்கு. டெஸ்க்டாப்பை முடிவு பண்ண மானிட்டரைப் பாருங்க. விஆர்ஆர் (கேம் வேகத்துக்கேத்த மாதிரி மானிட்டர் வேகம் மாறுறது), எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடுதலாக் காட்டுறது) இருந்தா கேடிஇயோட பிளாஸ்மா டெஸ்க்டாப். சாதா 60 ஹெர்ட்ஸ்னா பிடிச்சதைப் போடுங்க. முக்கியமா, கேமை என்டிஎஃப்எஸ் (விண்டோஸோட வட்டு வடிவம்) டிரைவ்ல வைக்காதீங்க.

கே: 4 ஜிபி ரேம், பழைய லேப்டாப்.

ப: எக்ஸ்எஃப்சிஇ. விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்ல கம்பாசிட்டரை (விண்டோக்களைச் சேர்த்துத் திரையில காட்டுற பகுதி) அணைச்சிட்டு ஆடுங்க.

கே: ஒரு மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், இன்னொண்ணு 60. எக்ஸ்11ல (லினக்ஸோட பழைய திரை அமைப்பு) 144லயும் திக்கித் திக்கி ஓடுது.

ப: எக்ஸ்11 ரெண்டையும் சேர்த்து ஒரே பெரிய திரையாத்தான் பார்க்கும். கம்பாசிட்டர் ஏதோ ஒரு மானிட்டரோட வேகத்துக்கு ஒத்துப்போகும். அது 60 ஆனா போச்சு. புது திரை அமைப்பான வேலாண்ட்ல ஒவ்வொரு மானிட்டருக்கும் தனிக் கணக்கு. பிளாஸ்மா வேலாண்ட்ல விஆர்ஆர் 2021லயே 5.22 பதிப்புல வந்தாச்சு. க்னோம்ல 2024ல 46 பதிப்புலதான், அதுவும் சோதனை அளவுல. எச்டிஆரும் பிளாஸ்மா 6ல 2024, க்னோம் 48ல 2025. கையடக்க கேம் கருவி ஸ்டீம் டெக்கோட டெஸ்க்டாப் மோடும் பிளாஸ்மாதான்.

கே: சும்மா வேலாண்ட் புராணம் பாடாதீங்க. என்விடியால திரை மின்னுது. எக்ஸ்11 மாதிரி வராது.

ப: மின்னுனது உண்மை. கார்டு வரைஞ்சு முடிக்கிறதுக்குள்ள கம்பாசிட்டர் ஃபிரேமை எடுத்துக் காட்டிடும். பழசும் புதுசும் மாறி மாறித் தெரியும். எக்ஸ்ப்ளிசிட் சிங்க் (வரைஞ்சு முடிச்ச பிறகே ஃபிரேமைக் காட்ட வைக்கிற முறை) வந்ததே அதுக்காகத்தான். 2024ல என்விடியா 555 டிரைவர், பிளாஸ்மா 6.1 ரெண்டுலயும் வந்துடுச்சு. உங்க டிரைவர் நம்பர் என்ன?

கே: 470. கார்டு பழசு. அப்போ நான் சொன்னது சரிதானே?

ப: உங்களுக்குச் சரி. அந்தக் கார்டுக்குப் புது டிரைவர் வராது, எக்ஸ்11லயே இருங்க. அதை வச்சு புதுக் கார்டுக்காரங்களையும் பயமுறுத்தாதீங்க. க்னோம் 49ல எக்ஸ்11 செஷனையே இயல்பா அணைச்சு வச்சுட்டாங்க.

கே: வேலாண்ட்ல மவுஸ் லேட்டாகுதே, அதுக்கு என்ன பதில்?

ப: பிளாஸ்மா டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல ஃபுல்ஸ்கிரீன் டேரிங்கை (படம் கிழிஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் காத்திருக்காம உடனே காட்டுறது) அனுமதிச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் சண்டைக்கு வாங்க.

கே: வாலரன்ட் ஓடுமா?

ப: ஓடாது. அதோட வான்கார்டு, விண்டோஸ் கெர்னலுக்குள்ள (மையப் பகுதி) உட்காருற ஆன்டி-சீட் (ஏமாத்து ஆட்டத்தைத் தடுக்கிற மென்பொருள்). டெஸ்க்டாப் மாத்தி பிரயோஜனமில்ல.

கே: ஃபோர்ட்நைட்?

ப: அதுவும் ஓடாது.

கே: விண்டோஸ் டிரைவ்ல இருக்கிற ஸ்டீம் கேம்ஸை அப்படியே...

ப: என்டிஎஃப்எஸ்தானே? வேண்டாம்னு முதல் பதில்லயே சொன்னேன். புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு போலி சி டிரைவ் உண்டாக்கும். அதுல 'சி:'னு முக்காற்புள்ளியோட ஒரு இணைப்பு இருக்கும். விண்டோஸ் அந்தப் பேரை ஏத்துக்காது. கேம் தொடங்காம நிக்கும். இஎக்ஸ்டி4 (லினக்ஸோட வட்டு வடிவம்) டிரைவ்ல புதுசா இறக்குங்க.

கே: எந்த டெஸ்க்டாப்ல எஃப்பிஎஸ் அதிகம்?

ப: மேல படிங்க தம்பி.

கே: பிளாஸ்மா போட்டாச்சு. விஆர்ஆர் எங்க இருக்கு?

ப: டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல அடாப்டிவ் சிங்க். 'ஆட்டோமேட்டிக்' வைங்க. 'ஆல்வேஸ்' வச்சா சில மானிட்டர்ல டெஸ்க்டாப்லயே வெளிச்சம் துடிக்கும். அந்த வரியே காணோம்னா மானிட்டரோட சொந்த மெனுவுல அணைஞ்சிருக்கும், அதைப் பாருங்க.