ஏற்காடு இறக்கத்தில் ஹேண்டில்பார் ஆட்டம்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு சைக்கிளில் இறங்கும்போது 55 கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்டில்பார் படபடவென்று ஆடியது, இறுக்கிப் பிடித்தும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் ஒருமுறை நடந்தது. அதுவரை காதில் காற்று கிழித்த சுகமெல்லாம் ஒரு நொடியில் போய் வயிறு கலங்கிவிட்டது.

இறுக்கிப் பிடித்ததுதான் ஆட்டத்தை வளர்த்திருக்கும். ஃபிரேமும் முன்சக்கரமும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சேர்ந்து அதிர ஆரம்பிக்கும். விறைத்த கைகள் அதற்குத் தீனி போடும். மறுபடி வந்தால் முழங்கால்களை மேல்குழாயோடு (சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் குழாய்) அழுத்துங்கள். சீட்டிலிருந்து லேசாக எழுந்து எடையைப் பெடலில் போட்டு, பிடியைத் தளர்த்துங்கள். அப்புறம் பிரேக், மெல்ல மெல்ல. முன்பிரேக்கைச் சடாரென்று பிடித்தால் கதை கந்தல்.

வீட்டில் முன்பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ‘டக் டக்’ என்று தட்டினால் ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும், ஃபிரேமின் முன்பக்கத்து பேரிங்) தளர்ந்திருக்கலாம். சக்கரக் கோணல், தளர்ந்த ஸ்போக் இவற்றையும் பார்த்துவிடுங்கள். விடியற்காலைக் குளிரில் உடம்பு நடுங்கினாலும் ஆட்டம் தொடங்கும். மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்று போதும்.

மேல்குழாயில் உட்கார்ந்து குனிந்து பறக்கலாமா என்றும் கேட்டீர்கள். வேண்டாம். தொழில்முறைப் பந்தயங்களிலேயே 2021 ஏப்ரலிலிருந்து அதற்குத் தடை. 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்து நிற்க, 30-இல் ஆவதைப் போல நான்கு மடங்கு தூரம் வேண்டும். அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வரும் பேருந்து முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும்.

சரி, டயர் என்ன அகலம், காற்று எவ்வளவு அடிக்கிறீர்கள்? ஹெட்செட்டைப் பார்த்துவிட்டு அதையும் எழுதுங்கள்.