சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு இரண்டாம் தடவையாகத் தோற்றப் போகிறேன். வீட்டில் கடந்தகால வினாத்தாள்களைச் செய்தால் நல்ல புள்ளி வருகிறது. மண்டபத்தில் உட்கார்ந்ததும் கை வியர்த்து, நுண்ணறிவுக் கேள்விகளில் ஒன்றுமே ஓடுவதில்லை. இன்னும் கூடப் படிக்க வேண்டுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நீங்கள் படித்தது போதும் தங்கச்சி, பயிற்சி செய்யும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும். நுண்ணறிவுக் கேள்விக்கு இரண்டு மூன்று தகவல்களை ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். "இந்தத் தடவையும் போய்விடுமோ" என்ற பயமும் அந்த இடத்தையே பிடித்துக்கொள்கிறது. பாடமாக்கிய பொது அறிவு ஓரளவு தப்பிவிடும், நுண்ணறிவுதான் முதலில் அடிபடும்.

வீட்டில் மின்விசிறிக்குக் கீழே இருந்து, இடையில் தேநீர் குடித்து, ஒவ்வொரு கேள்விக்கும் உடனே விடை பார்த்து எடுத்த புள்ளியை நம்ப வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், பரீட்சை தொடங்கும் அதே நேரத்தில், கொழும்பு பொது நூலகம் போல அந்நியர் நடமாடும் இடத்தில் ஒரு முழு வினாத்தாளை ஒரே இருப்பில் செய்யுங்கள். கைப்பேசியை நிறுத்திவிட்டு மணிக்கூட்டை மேசையில் வையுங்கள். முதல் மூன்று வாரம் வினாத்தாளில் தந்த நேரம். பிறகு அதில் 10 நிமிடத்தைக் குறையுங்கள். படபடப்பு வரும், வரட்டும். அதோடு சேர்ந்தே விடை எழுதப் பழகுவதற்குத்தான் இந்தப் பயிற்சி.

நேரத்தை முன்கூட்டியே பங்கிடுங்கள். உதாரணமாக 60 நிமிடத்தில் 50 கேள்வி என்றால் கேள்விக்கு ஒரு நிமிடம், கடைசி 10 நிமிடம் விட்டதைப் பார்க்க. இரண்டு தரம் வாசித்தும் வழி தெரியாத கேள்விக்கு ஓர் அடையாளம் போட்டுவிட்டு நகருங்கள். அப்படி விடும்போது விடைத்தாளிலும் அந்த இலக்கத்தை வெறுமையாக விட வேண்டும். அதை மறந்தால் அடுத்த விடைகள் எல்லாம் ஒரு வரி மேலே ஏறிவிடும். 10, 20, 30 என்று ஒவ்வொரு பத்திலும் இலக்கம் சரியா என்று பார்ப்பது போதும். பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பார்களா என்பதை அறிவுறுத்தலில் வாசித்த பிறகே ஊகித்து எழுதுங்கள்.

பயத்தில் அதிகம் தவறுவது இப்படியான கேள்விகளில்: "சட்டத்தரணிகள் எல்லோரும் வாசகர்கள். வாசகர்களில் சிலர் பாடகர்கள். ஆகவே சட்டத்தரணிகளில் சிலர் பாடகர்கள்." சரிபோலத் தோன்றும், ஆனால் அந்த முடிவு வராது. வாசகர் என்று பெரிய வட்டம் ஒன்று வரைந்து, அதற்குள் சட்டத்தரணிகளைச் சிறு வட்டமாகப் போடுங்கள். பாடகர் வட்டம் சிறு வட்டத்தைத் தொடாமலேயே பெரிய வட்டத்துக்குள் நுழையலாம் அல்லவா? மனதுக்குள் செய்யாமல் தாளில் வரைந்தால் பயத்துக்கு இடம் குறையும்.

மண்டபத்தில் நெஞ்சு அடித்தால் பேனையை வையுங்கள். நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். ஐந்து தடவைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். வேகமாகப் பெருமூச்சு விட்டால் தலைசுற்றுத்தான் கூடும். இதையும் வாரப் பயிற்சியிலேயே பழகிவிடுங்கள். அன்றுதான் முதன்முதலாகச் செய்தால் கைகொடுக்காது.

கேள்வி: பொது அறிவில் அரசியலமைப்புத் திருத்தங்கள் எனக்கு மனதில் நிற்பதே இல்லை. குறுக்கு வழி உண்டா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இலக்கமாகப் பாடமாக்காமல் ஒரே விடயத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள். சுயாதீன ஆணைக்குழுக்களுக்கும் உயர் பதவிகளுக்குமான நியமனங்களைப் பரிந்துரைக்கும், அங்கீகரிக்கும் அரசியலமைப்புப் பேரவையை எடுங்கள் தம்பி. 17ஆவது திருத்தம் (2001) அதைக் கொண்டுவந்தது. 18ஆவது (2010) அகற்றியது. 19ஆவது (2015) மீட்டது, 20ஆவது (2020) மறுபடி அகற்றியது, 21ஆவது (2022) திரும்பவும் கொண்டுவந்தது. ஒற்றை இலக்கம் கொண்டுவரும், இரட்டை இலக்கம் எடுத்துவிடும். ஐந்து திருத்தம் ஒரே கோட்டில் வந்துவிட்டது. தகவல் அறியும் உரிமையையும் 19ஆவதோடு சேர்த்துவிடுங்கள்: உறுப்புரை 14அ அதில் வந்தது, அடுத்த ஆண்டு 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம். இரவில் புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத் தாளில் எழுதிப் பார்ப்பது, திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நன்றாக நிற்கும்.

கேள்வி: என் மகன் பரீட்சைக்கு முதல் நாள் தூங்குவதே இல்லை. படபடப்புக்கு என்று நண்பன் ஒருவன் குளிசை கொடுத்திருக்கிறான். போடலாமா?
– ஒரு தாய், தெஹிவளை

பதில்: வேண்டாம் அம்மா. இப்படிக் கைமாறுவது பெரும்பாலும் புரொப்பிரனலோல். இதயத் துடிப்பைக் குறைக்கும், ஆனால் தொய்வு (ஆஸ்துமா) உள்ளவருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். வைத்தியர் பார்த்து அளவு சொன்னால் மட்டுமே பயன்படுத்தலாம், அதையும் பரீட்சை நாளில் முதற்தடவையாகப் போடக்கூடாது. முதல் நாள் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கோப்பியும் பிளேன்ரீயும் கொடுக்காதீர்கள். அனுமதி அட்டை, தேசிய அடையாள அட்டை, இரண்டு பேனை எல்லாவற்றையும் அன்றே ஒரு உறையில் போட்டு வையுங்கள். நித்திரை வராவிட்டாலும் ஒரு இரவு விழிப்பால் படித்தது அழிந்துவிடாது என்று சொல்லுங்கள். தூங்கியே ஆகவேண்டும் என்ற பதற்றமே பாதி நித்திரையைக் கெடுக்கும். பரீட்சை இல்லாத வாரங்களிலும் நித்திரையும் சாப்பாடும் குழம்பினால் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைத்துப் பேசலாம்.